படிக்கப்படாத பிரதிகளும் ஒளித்துவைத்த பிரதிகளும்

அமெரிக்க எதிர்க்கலாசார நாவல்களின் முதற் பதிப்புகளைச் சேகரிப்பது இன்று நன்கு வேரூன்றிய ஒரு வணிகம். ஜாக் கெரூவாக்கின் 'ஒன் த றோட்' நாவலை 1957 செப்டெம்பரில் நியூயோர்க்கின் வைக்கிங் பதிப்பகம் 3.95 டொலர் விலையில் வெளியிட்டது. அந்த முதற் பதிப்பு, மேலுறை சிதையாமல் கிடைக்குமாயின், இன்று பல ஆயிரம் டொலருக்குக் கைமாறுகிறது. 1951 ஏப்ரலில் மூன்று வாரங்களில் கெரூவாக் தட்டச்சுச் செய்த, ஏறக்குறைய 120 அடி நீளமான அதன் மூலச் சுருள் 2001இல் ஏலத்துக்கு வந்தது. 24 இலட்சம் டொலருக்கும் அதிகமாகக் கொடுத்து அதை வாங்கியவர் ஓர் அமெரிக்க உதைபந்தாட்ட அணியின் சொந்தக்காரர். கையிற் காசில்லாமல், சொத்தென்று எதையும் வேண்டாமல் அலைந்தவர்களைப் பற்றிய நாவலுக்கு நேர்ந்த கதி இது என்று சிரித்துவிட்டு அப்பாற் போய்விடலாம். எம்மவர் பலர் அப்படித்தான் போகிறார்கள். முதலாளித்துவம் தன் எதிரியையும் பண்டமாக்கிவிடும் என்ற சூத்திரம் எமக்கெல்லாம் மனப்பாடம். அதை இன்னொருமுறை ஒப்புவிக்க ஒரு கட்டுரை தேவையில்லை.

கேட்கவேண்டிய கேள்வி சற்று வேறானது. இந்தச் சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகிறார்கள், எதைத் தவறவிடுகிறார்கள், அவர்களிடம் இருந்து எம்மிடம் இல்லாதுபோன ஒழுக்கம் ஏதும் உண்டா? ரொறன்ரோவில் வாழும் எமக்கு இது தூரத்து விடயமுமல்ல. எதிர்க்கலாசாரத்தின் ஒரு கிளை இதே நகரத்தில் அகதியாக வந்து இறங்கியது. அதன் புத்தகங்களில் சில இங்கேதான் அச்சேறின.

முதலில் சந்தையின் இலக்கணத்தைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டு நாவல்களின் முதற் பதிப்பில் விலையின் பெரும்பகுதி மேலுறையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் முந்நூறு பக்கங்களைவிட, அதைச் சுற்றியிருக்கும் ஒரு தாளுக்கு விலை அதிகம். மேலுறையின் மடிப்பில் அச்சிட்ட விலையை யாராவது கத்தரித்திருந்தால் பெறுமதி இறங்கும். முதுகு வெயிலில் வெளிறியிருந்தால் இறங்கும். முன்னைய சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தால், அவர் புகழ்பெற்றவராக இல்லாதவரை, இறங்கும். அதாவது ஒரு பிரதியில் வாசிப்பின் தடயம் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அதன் மதிப்பு உயர்கிறது. உச்ச விலை பெறுவது யாரும் திறந்திராத பிரதி. புத்தகம் சேர்ப்பவர் தன் புத்தகங்களையெல்லாம் படித்திருப்பதில்லை என்பதை வால்டர் பென்யமின் 1931இல் தன் நூலகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் சற்றுக் குறும்போடு சொல்கிறார். ஆனால் பென்யமின் பேசியது தன் வாழ்வின் நினைவுகள் ஒட்டிக்கொண்டிருந்த பிரதிகளைப் பற்றி. சந்தை விரும்புவதோ எவருடைய நினைவும் ஒட்டாத பிரதியை.

இதில் ஒரு வரலாற்றுப் புரட்டும் இருக்கிறது. 'ஒன் த றோட்' நாவலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்பட்ட இளைஞர்கள் வைக்கிங்கின் கெட்டி அட்டைப் பதிப்பை வாங்கியவர்கள் அல்லர். அவர்களிற் பெரும்பாலோர் படித்தது 1958இல் சிக்னெற் வெளியிட்ட 50 சத மலிவுப் பதிப்பு. அது கைமாறிக் கைமாறி, முதுகு உடைந்து, மழையில் நனைந்து, குப்பைக்குப் போனது. நாவலை ஓர் இயக்கமாக்கியது அந்தப் பிரதி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது புத்தகக் கடைக்காரரின் அலுமாரியிலேயே தங்கிவிட்ட பிரதி. விதிவிலக்குகள் உண்டு: ரிச்சர்ட் பிரோட்டிகனின் 'ட்ரவுட் ஃபிஷிங் இன் அமெரிக்கா' 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் ஒரு சிறு பதிப்பகத்தின் மெல்லட்டை நூலாகவே முதலில் வந்தது. அங்கே முதற் பதிப்பும் மக்கள் கையிற் புழங்கிய பதிப்பும் ஒன்றே.

சந்தை எவற்றை 'முக்கிய' நாவல்கள் என்று தேர்ந்தது என்பதும் பார்க்கத் தக்கது. கெரூவாக், பரோஸ், கீஸி, ஹெல்லர், பிரோட்டிகன் என நீளும் பட்டியலில் பெண்கள் இல்லை. ஜோய்ஸ் ஜோன்சன் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்து, ஜோய்ஸ் கிளாஸ்மன் என்ற பெயரில் 1962இல் ஒரு நாவல் வெளியிட்டவர். அதைத் தேடியவர்கள் நெடுங்காலம் மிகச் சிலரே. கெரூவாக்கின் காதலியாக இருந்த நினைவுகளை 1983இல் எழுதியபோதுதான் அவர் கவனிக்கப்பட்டார். கலகக்காரர்களின் நாவல்களில் பெண்கள் சமைத்துக்கொண்டும் காத்துக்கொண்டும் இருந்தார்கள். கலக நாவல்களைச் சேகரித்தவர்களின் அலுமாரியிலும் அதே ஒழுங்கு.

இவ்வளவும் சொன்னபிறகு, இந்தப் பித்துப்பிடித்த சேகரிப்பாளர்கள் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லவேண்டும். ஒரு பிரதி முதற் பதிப்பின் முதல் அச்சுத்தானா என்று நிறுவுவதற்காக அவர்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்தார்கள். பரோஸின் 'த நேக்கட் லஞ்ச்' 1959இல் பாரிசில் ஒலிம்பியா பிரஸின் பச்சை அட்டை வரிசையில் வந்தது. பின்னட்டையில் விலை 1,500 பிராங்க். 1960 ஜனவரியில் பிரான்ஸ் நாணயத்தை மாற்றியதும் மிஞ்சிய பிரதிகளில் புதிய விலையை முத்திரையாகக் குத்தினார்கள். முத்திரை இல்லாத பிரதிக்குத்தான் கிராக்கி என்பது வணிகம். ஆனால் இப்படி உற்றுப் பார்க்கும் பழக்கம் இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தது. 1962இல் அமெரிக்காவில் குரோவ் பிரஸ் வெளியிட்ட பாடமும் பாரிஸ் பாடமும் ஒன்றல்ல. தலைப்பில் இருந்த சுட்டுச்சொல்கூட மாறியது. மசாசூசெற்ஸ் உயர் நீதிமன்றம் 1966இல் விடுவித்தது அமெரிக்கப் பாடத்தை. 2003இல் இரண்டு பதிப்பாசிரியர்கள் கையெழுத்துப்படிகளோடு ஒப்பிட்டு ஒரு மீட்டெடுத்த பாடத்தை வெளியிடவேண்டி வந்தது.

கென் கீஸியின் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' (வைக்கிங், 1962) இன்னும் துலக்கமான உதாரணம். முதற் பதிப்பில் வரும் செஞ்சிலுவைச் சங்கப் பெண் பாத்திரம் பிற்பட்ட அச்சுகளில் மாற்றப்பட்டுவிட்டது. அது தன்னைக் குறிக்கிறது என்று ஒருவர் எழுப்பிய ஆட்சேபமே காரணம். இன்று கடையில் வாங்கும் பிரதியில் கீஸி முதலில் எழுதியது இல்லை. கெரூவாக்கின் நாவலிலோ முதற் பதிப்பே ஏற்கெனவே திருத்தப்பட்ட பிரதி. அவதூறு வழக்குக்கு அஞ்சி நண்பர்களின் பெயர்களெல்லாம் மாற்றப்பட்டே 1957இல் அச்சேறின. மெய்ப் பெயர்களோடு கூடிய சுருளின் பாடம் 2007இல்தான் நூலாக வந்தது. ஆகவே 'முதல்' என்ற சொல்லை மூலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சட்டத்தரணி, பதிப்பாசிரியர், தணிக்கையாளர் ஆகியோர் எந்தக் கட்டத்தில் உள்ளே வந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சியம். சாட்சியம் என்பதாலேயே அது தேவை.

தமிழில் இதன் அருமையை விளங்கிக்கொள்ள ஓர் உதாரணம் போதும். 2000இல் காலச்சுவடு வெளியிட்ட, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' பழைய இதழ்களையும் முதற் பதிப்புகளையும் தேடியெடுத்து ஒப்பிட்டதனால் சாத்தியமானது. அரைநூற்றாண்டாகப் புதுமைப்பித்தனைப் பற்றிச் சண்டையிட்டவர்களிற் பலர் பிழைமலிந்த பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டே சண்டையிட்டார்கள். விமர்சனத்துக்கு முன்னால் பிரதி இருக்கவேண்டும் என்ற எளிய விதியை நாம் இன்னும் பழகவில்லை.

இப்போது ரொறன்ரோவுக்கு வருவோம். வியட்நாம் போருக்குப் போக மறுத்த அமெரிக்க இளைஞர்கள் பல பத்தாயிரம்பேர் 1960களின் நடுப்பகுதி தொட்டுக் கனடாவுக்குள் வந்தார்கள். அவர்களுக்காக 1968 ஜனவரியில் அனன்சி பதிப்பகம் ஒரு கைநூலை வெளியிட்டது. மார்க் சற்றின் தொகுத்தது. படைக்கு அழைக்கப்படும் வயதிலுள்ளவர்கள் கனடாவில் குடியேறுவது எப்படி என்பதே அதன் பொருள். எல்லையில் என்ன கேட்பார்கள், புள்ளி முறையில் தேறுவதற்கு என்ன வேண்டும், குளிர் எப்படி, வேலை எங்கே என்று சொல்லும் நூல். முதல் அச்சு 5,000 பிரதிகள். பின்னர் அச்சுக்குமேல் அச்சாக ஏறக்குறைய ஒரு இலட்சம் விற்றதாகக் கணக்கு. 2017இல் அதே பதிப்பகம் அதை மறுபதிப்புச் செய்தது. என்னைப் பொறுத்தவரை எதிர்க்கலாசாரத்தின் அதிமுக்கியமான முதற் பதிப்பு இதுதான். நாவல் அல்ல, ஆனால் அந்த நாவல்களைப் படித்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும் நூல். ஹெல்லரின் 'கட்ச்-22' (1961) போரின் பைத்தியக்காரத் தர்க்கத்தைக் காட்டி முடிகிற இடத்தில் இந்தக் கைநூல் தொடங்குகிறது. நாடுகடந்தவர்கள் 'அமெக்ஸ்' என்றொரு சஞ்சிகையையும் இந்நகரிலிருந்து 1970களின் பிற்பகுதிவரை நடத்தினார்கள். திரும்பிப் போவதா, இங்கேயே வேர்விடுவதா, அங்குள்ள இயக்கத்தோடு என்ன உறவு என்று அதில் நடந்த விவாதங்கள் எமக்கு வேற்றாள் வீட்டு விவாதங்களாகத் தோன்றமாட்டா.

அதே அனன்சி பதிப்பகம்தான் 1970இல் இலங்கையிற் பிறந்த மைக்கல் ஒண்டாச்சியின், பில்லி த கிட் பற்றிய நூலை வெளியிட்டது. அவருடைய முதற் கவிதைத் தொகுப்பு 'த டெயின்ரி மொன்ஸ்ரர்ஸ்' 1967இல் கோச் ஹவுஸ் அச்சகத்தில் 500 பிரதிகளாக வந்தது. ஸ்ரான் பெவிங்ரன் 1965இல் தொடங்கிய கோச் ஹவுஸ், புளூர் வீதியில் றொச்டேல் கல்லூரி என்ற 18 மாடிப் பரிசோதனைக்குப் பின்புறத்து ஒழுங்கையில் இயங்கியது. 1968இல் திறந்த றொச்டேல் 1975இல் மூடப்பட்டது, அச்சகம் இன்னும் இருக்கிறது. அலன் கின்ஸ்பேர்க்கின் ஒரு நெடுங்கவிதையின் முதற் பதிப்பு 1970களின் தொடக்கத்தில் அங்கேதான் வந்தது. லெனார்ட் கோஹனின் 'பியூட்டிஃபுல் லூசர்ஸ்' 1966இல் மக்கிளெலண்ட் அன்ட் ஸ்ருவர்ட் வழியாக இந்நகரிலிருந்து வெளிவந்தது. இவையெல்லாம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. டேவிட் மேசன் போன்ற பழம்புத்தக வணிகர்கள் இருந்தார்கள். இளமையில் பாரிசில் பீற் எழுத்தாளர்கள் தங்கிய விடுதியை ஒட்டி அலைந்து திரிந்து, பிறகு இங்கே கடை வைத்தவர் மேசன். 2013இல் அவர் எழுதிய நினைவுநூல் புத்தகத் தொழிலின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறது. வணிகர்களிடமிருந்து வாங்குவதற்குத் தோமஸ் ஃபிஷர் அரிய நூலகம் இருந்தது. 2014இல் கின்ஸ்பேர்க்கின் 7,000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் அங்கே வந்துசேர்ந்தன. ஏழைக் கவிஞர்கள் மதுக்கடைகளில் எடுத்த படங்கள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் குளிரூட்டிய அறைக்குள் இருக்கின்றன. இதைப் பண்டமாதல் என்று சொல்லிவிட்டு நிறுத்துபவர், அந்த அறையும் இல்லாத சமூகத்துக்கு என்ன நேரும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

எமக்கு நேர்ந்தது தெரியும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள். அந்த நெருப்பை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். 1994இல் ரொறன்ரோவிலே தேடகத்தின் நூலகம் எரியூட்டப்பட்டதை அப்படி நினைவுகூர்கிறோமா? சிங்களப் பேரினவாதத்தின் தீயைப் பற்றிப் பேசச் சுலபம். எமது நகரத்தில், எமது மொழிப் புத்தகங்களுக்கு, எமது அரசியற் சூழலுக்குள் இருந்தே வந்த தீயைப் பற்றிப் பேசுவதில்தான் நா குழறுகிறது.

இந்த இடத்தில் 'ஈழத்தமிழரின் எதிர்க்கலாசாரம்' என்று ஒன்று உண்டா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவைப் போலப் போதையும் நெடுஞ்சாலையும் கட்டற்ற காமமும் எம்மிடம் எங்கே என்பது அவர்களது கேள்வி. எதிர்க்கலாசாரம் அந்தந்தச் சமூகம் எதைப் புனிதமென்று கொள்கிறதோ அதற்கு எதிராகத்தான் எழும். 1950களின் அமெரிக்காவுக்குப் புனிதம் குடும்பமும் சம்பளமும் வீட்டுக் கடனும். 1980களின் எமக்குப் புனிதம் இயக்கம். அதை உள்ளிருந்து கேள்விகேட்ட நாவல் 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரில் வந்த 'புதியதோர் உலகம்'. புளொட் இயக்கத்தின் உட்கொலைகளையும் சித்திரவதைகளையும் அதிலிருந்து வெளியேறியவர்களின் கண்ணால் எழுதிய நூல். அதன் ஆசிரியர் 1991இல் புலிகளால் பிடித்துச்செல்லப்பட்டார், மீளவில்லை. நாவலாக அதற்குக் குறைகள் உண்டு. வாக்குமூலமும் விவாதமும் பாத்திரங்களை மீறிக்கொண்டு ஓடுகின்றன. அவசரத்தில் எழுதப்பட்டது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் அந்த அவசரமே அதன் உண்மை. கெரூவாக்கின் மூன்று வார அவசரத்தை ஒரு தொன்மமாகக் கொண்டாடும் எம் நண்பர்கள், உயிருக்குப் பயந்து எழுதியவரின் அவசரத்தைக் கலைக்குறை என்று மட்டும் காண்பது வேடிக்கை.

அதே காலத்தில் வந்த மற்றவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1985இன் 'மரணத்துள் வாழ்வோம்', 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்', இவற்றைச் சூழ்ந்து நின்ற ரோனியோத் துண்டுப்பிரசுரங்கள், ஓரிரு இதழோடு நின்றுபோன சஞ்சிகைகள். இவற்றின் முதற் பதிப்புகளுக்குச் சந்தை விலை கிடையாது. இருந்தும் இவை அரியவை. கெரூவாக்கின் முதற் பதிப்பு அரிதானது அலட்சியத்தால். எமது கலகப் பிரதிகளில் பல அரிதானது பயத்தால். வீட்டில் ஒரு பிரதி இருப்பதே ஆபத்தென்று இருந்த நாட்களில் புத்தகங்கள் கிணற்றுக்குள்ளும் அடுப்புக்குள்ளும் போயின. சில அட்டை கிழிக்கப்பட்டு, பாடப்புத்தகத்தின் அட்டைக்குள் நுழைக்கப்பட்டுத் தப்பின. அப்படியொரு பிரதியை ஸ்பாடினா வீதிப் பழம்புத்தக வணிகர் கையில் எடுத்தால் அட்டை இல்லை, பெயர்ப் பக்கம் இல்லை, தரம் மோசம் என்று அப்பால் வைப்பார். அவருடைய இலக்கணப்படி அது சரி. எமக்கோ அந்தக் கிழிசல் பிரதியின் ஒரு பகுதி. பாடம் எவ்வளவு முக்கியமோ, அதைக் கிழித்தவரின் கை நடுங்கியது அவ்வளவு முக்கியம்.

2005இலிருந்து நூலகம் திட்டம் பல்லாயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தியிருக்கிறது. இந்த வேலையின் பெறுமதியை எவரும் மறுக்க முடியாது. அதற்கும் முன்னே, எந்த நிறுவனமும் இல்லாமல் புத்தகங்களைத் தோளிற் சுமந்து தமிழ்நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த இ. பத்மநாப ஐயர் போன்றோரை மறக்கவும் கூடாது. ஆனால் "அதுதான் இணையத்தில் இருக்கிறதே, பிறகு இந்தப் பழைய கடதாசி எதற்கு?" என்று கேட்கும் ஒரு புதிய சோம்பல் வந்திருக்கிறது. எண்ணிமப் படி பாடத்தைத் தரும். தாளின் தரத்தைத் தராது. எந்தப் பிரதியிலிருந்து படியெடுத்தார்கள், அது முதல் அச்சா இரண்டாம் அச்சா, காணாமற்போன பக்கம் கிழிந்ததா கிழிக்கப்பட்டதா என்பதைப் பல சமயம் சொல்லாது. எமது வெளியீடுகளில் 'முதற் பதிப்பு' என்று போட்டிருப்பதை நம்பவும் முடியாது. மறுபதிப்புகளிலும் அதே வரி அப்படியே நிற்கும், அச்சகத்தின் பெயர் வேண்டுமென்றே விடுபட்டிருக்கும் அல்லது பொய்யாக இருக்கும். அந்தப் பொய்யும் ஒரு தகவல்தான். அதை அறிய இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒலிம்பியா பிரஸின் பின்னட்டை முத்திரையை அமெரிக்கச் சேகரிப்பாளர் பார்த்ததைப்போல.

மறுபக்கத்தில் எம்மிடையே இன்னொரு வகையினரும் உண்டு. அவர்களிடம் அரிய இதழ்த் தொகுதிகள் இருக்கின்றன, கேட்டால் காட்டமாட்டார்கள். இரவல் கொடுத்துத் திரும்பாத கசப்பு அதற்கு ஒரு காரணம் என்பது நியாயமே. ஆனால் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் ஒரே பிரதியும் எரிந்துபோன பிரதியும் வாசகனைப் பொறுத்தவரை ஒன்றே. கண்ணாடிப் பெட்டிக்குள் கெரூவாக்கை வைத்திருந்த கோடீசுவரரை நையாண்டி செய்பவர்கள் இதையும் கண்டிக்கத் துணியவேண்டும். அந்தக் கோடீசுவரராவது தன் சுருளை ஊரூராகக் கண்காட்சிக்கு அனுப்பினார்.

பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால் அந்நியர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994இல் வாங்கியது. ஆனால் நூல்கள் சென்னையில்தான் இருக்கின்றன, யாரும் போய்ப் படிக்கலாம். இங்கே ஸ்காபரோ வளாகத்தின் நூலகத்தில் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் ஆவணங்கள் வந்துசேர்ந்திருக்கின்றன. தலைவர்களின் கடிதங்களுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, நல்லது. தலைவர்களை எதிர்த்து எழுதியவர்களின் ரோனியோத் தாள்களையும் அதே இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். கொடுக்கும்போது இந்தப் பிரதி எங்கே, எப்போது, எவரிடமிருந்து கிடைத்தது, எந்தக் காலத்தில் எப்படி ஒளித்துவைக்கப்பட்டது என்பதை ஒரு தனித் தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுக்கவேண்டும். பழம்புத்தக வணிகர்கள் இதைக் கைமாறிய வரலாறு என்பார்கள், விலையைக் கூட்டுவதற்கு. எமக்கு அந்தத் தாள் இல்லாவிட்டால் அட்டை கிழிந்த பிரதி வெறுமனே அட்டை கிழிந்த பிரதியாகவே பட்டியலில் ஏறும்.

1980களில் வந்தவர்களுக்கு இப்போது எழுபதை அண்டிய வயது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீடுகள் விற்கப்படுகின்றன, நிலக்கீழ் அறைகள் காலிசெய்யப்படுகின்றன. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள், தகப்பன் ஏன் அட்டையில்லாத ஒரு புத்தகத்தை நாற்பது வருடமாகத் துணியிற் சுற்றி வைத்திருந்தார் என்று விளங்காமல், அதை நீலத் தொட்டிக்குள் போடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏதுமில்லை. தகப்பனும் சொல்லவில்லை.